கடைமடை முதலில் காயும்: ரத்தம் போகும்போது உடம்புக்குள் நடப்பது

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "பிபி பாத்தாச்சு, 120-க்கு 80 இருக்காம். பயப்பட ஒண்ணுமில்ல." உள்ளே இருப்பவர் பைக்கிலிருந்து விழுந்தவராக இருக்கலாம், கதிர் அறுக்கும் மிஷினில் கை மாட்டியவராக இருக்கலாம், பிரசவமாகி ஒரு மணி நேரம்கூட ஆகாத பெண்ணாக இருக்கலாம். பிபி நார்மல் என்ற சொல் வந்ததும் வெளியே நிற்பவர்களில் பாதிப் பேர் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இதோடு இன்னும் மூன்று பேச்சுகள் சேர்ந்து வரும். "ரத்தமே வரல, சும்மா உள்காயம்தான்." "ஹீமோகுளோபின் 12 இருக்கு, அப்புறம் என்ன?" "ரெண்டு பாட்டில் ஏத்தினா சரியாயிடும்." நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் அவை இவ்வளவு காலம் நிலைத்து நிற்கின்றன. எங்கே அவை வழுக்குகின்றன என்று புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆற்றுத் தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று தெரிந்த டெல்டாக்காரருக்கு முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும்.

முதலில் அளவு

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் இருக்கும். 60 கிலோ ஆள் என்றால் ஏறக்குறைய 4.2 லிட்டர். பெண்களுக்குச் சற்றுக் குறைவு, சின்னக் குழந்தைகளுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம், 80 மில்லி அளவில்.

ரத்த தான முகாமில் எடுப்பது 350 மில்லி. எடை கூடுதலாக இருப்பவர்களிடம் 450 மில்லி. 60 கிலோ ஆளுக்கு 350 மில்லி என்பது மொத்தத்தில் 8 சதவீதம். அதைக் கொடுத்துவிட்டு ஜூஸ் குடித்து, பிஸ்கட் சாப்பிட்டு, வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். 15 சதவீதம் வரை போனால்கூட ஆரோக்கியமான உடம்பு பெரிதாக முகம் சுளிக்காது. 15-லிருந்து 30 சதவீதம் வரை உடம்பு கடுமையாக உழைத்துச் சமாளிக்கும். 30-ஐத் தாண்டினால் சமாளிப்பு உடையத் தொடங்கும். 40-க்கு மேல், உடனடியாக ரத்தப்போக்கை நிறுத்தி ரத்தம் ஏற்றாவிட்டால் உயிர் நிற்காது. இந்த எல்லைகள் தோராயமானவை. வயது, ஏற்கெனவே உள்ள நோய், ரத்தம் போகும் வேகம் எல்லாம் அவற்றை நகர்த்தும்.

அதே கணக்கைக் குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 800 மில்லிதான். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி போனால் கால்வாசி காலி. பெரியவருக்குப் பொருட்டில்லாத அளவு, குழந்தைக்கு ஆபத்தான அளவு.

வெளியே வந்தால்தான் போனதா?

கண்ணால் பார்த்து அளவு சொல்வதில் எல்லோரும் சறுக்குகிறோம். தரையில் பரவிய கொஞ்சம் ரத்தம் வெள்ளமாகத் தெரியும். துணியும் மெத்தையும் உறிஞ்சிக்கொண்டது கணக்கிலேயே வராது. பிரசவத்துக்குப் பின் போகும் ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்கிறோம் என்பது பழைய சங்கதி. அதனால் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் வைத்து ரத்தத்தை அளந்து, அளவு கூடியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கும் முறையைக் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2023-ல் வந்த முடிவில், கடுமையான ரத்தப்போக்கும் அது சார்ந்த பெரிய பாதிப்புகளும் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன.

வெளியே ஒரு சொட்டுக்கூட வராமலும் ஆள் ரத்தம் இழக்கலாம். தொடை எலும்பு முறிந்தால் தொடைச் சதைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் தேங்கும். இடுப்பெலும்பு உடைந்தால் அதைவிட அதிகம். மார்புக்கூட்டிலும் வயிற்றிலும் லிட்டர் கணக்கில் இடம் இருக்கிறது. நம் ஊர்ச் சாலைகளில் அடிக்கடி நடப்பது ஒன்று: பைக் சறுக்கும், ஹேண்டில்பார் முனை இடது விலாவுக்குக் கீழே குத்தும். அங்கேதான் மண்ணீரல் இருக்கிறது. தோலில் ஒரு சிராய்ப்பு மட்டும் தெரியும். ஆள் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்வார். உள்ளே மண்ணீரல் கிழிந்து கசிந்துகொண்டிருக்கும்.

இதுவரை வந்தது: இருப்பதே நாலரை லிட்டருக்குள். மூன்றில் ஒரு பங்கு போனால் ஆபத்து. போனது வெளியே தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முறைத் தண்ணீர்

மேட்டூரில் நீர்மட்டம் சரிந்த ஆண்டுகளில் என்ன செய்கிறார்கள்? கல்லணைக்கு வருகிற தண்ணீர் எல்லா ஆற்றுக்கும் எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் போதாது. முறை வைக்கிறார்கள். காவிரிக்கு விடும்போது வெண்ணாற்றுக்குக் குறைப்பார்கள், அப்புறம் மாற்றுவார்கள். மதகைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கர் வந்து கிளை வாய்க்காலின் ஷட்டரை இறக்குவார். பிரதான வாய்க்காலில் மட்டம் நிற்கும், பாசனம் தொடங்கும் தலைமடையில் பாயும். பேராவூரணியிலோ வேதாரண்யத்திலோ, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் எட்டாது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. வரத்து பாதியாகக் குறைந்திருந்தாலும், போதுமான ஷட்டர்களை இறக்கிவிட்டால் பிரதான வாய்க்காலில் மட்டம் அப்படியே நிற்கும். பாலத்தில் நின்று அளவுகோலை மட்டும் பார்க்கிறவருக்கு, "தண்ணி நல்லாத்தானே போகுது" என்றுதான் தோன்றும். தண்ணீர் இல்லை என்ற செய்தி அளவுகோலில் இருக்காது, கடைமடையில் இருக்கும்.

உடம்பும் இதைத்தான் செய்கிறது. பிபி என்பது அந்த அளவுகோல்.

ஒப்பீடு இடிக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போனால் போனதுதான். ரத்தம் சுற்றி வந்து மறுபடி இதயத்துக்கே சேர வேண்டும். திரும்பி வருவது குறைந்தால் இதயம் தள்ளுவதும் குறையும். இன்னொன்று, கடைமடை விவசாயி சாலை மறியலில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிவிடுவார். விரல் நுனி அப்படிச் செய்யாது. சில்லென்று ஆகும், அவ்வளவுதான். தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மட்டம் பார்க்கும் உணரிகள்

இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் தமனி. திருப்பிக் கொண்டுவருவது சிரை. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ஏறும் பெரிய தமனிகளிலும், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவிலும், சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை நொடிக்கு நொடி உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இவற்றுக்கு அழுத்த உணரிகள் என்று பெயர். அழுத்தம் லேசாகக் குறைந்தாலே இவை மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். படுத்திருந்தவர் சட்டென்று எழும்போது மயங்கி விழாமல் இருப்பதும் இவற்றின் தயவுதான்.

மூளைத்தண்டு உடனே பரிவு நரம்பு மண்டலத்தை முடுக்குகிறது. அவசரத்துக்கென்று உடம்பு வைத்திருக்கும் நரம்புப் பின்னல் அது. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் சேர்ந்துகொண்டு அட்ரினலினைக் கொட்டும். சில நொடிகளில் மூன்று காரியம் நடக்கும். இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கும். சிரைகள் இறுகும், நம் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் சிரைகளில்தான் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதைப் பிழிந்து இதயத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இது. மூன்றாவது, சிறிய தமனிகள் சுருங்கும். ஷட்டர் இறங்குவது இங்கேதான்.

எந்த ஷட்டர் முதலில்

மூளையும் இதயத்தசையும் தலைமடை. மூளைக்கு ரத்தம் நான்கைந்து நிமிடம் நின்றாலே சேதம், இதயத்தசையும் வெகுநேரம் தாங்காது. ஆகவே அங்கே போகும் குழாய்கள் கடைசிவரை திறந்திருக்கும். முதலில் மூடப்படுவது தோல், அப்புறம் குடல், சிறுநீரகம், ஓய்வில் இருக்கும் தசை.

இதை மனதில் வைத்துக்கொண்டு அடிபட்டவரைப் பாருங்கள், ஒவ்வொரு அடையாளமும் எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். தோலுக்கு ரத்தம் குறைந்ததால் முகம் வெளுக்கிறது, கை கால் குளிர்கிறது. நகத்தை அழுத்தி விட்டால் வெள்ளையான இடம் மறுபடி சிவக்க வழக்கமாக இரண்டு நொடிக்குள் ஆகும், இப்போது இழுக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் ஒருவருடைய கை சில்லென்று ஈரமாக இருந்தால், அது சும்மா இல்லை. அந்த வியர்வையும் பரிவு நரம்புகளின் வேலை.

குடலுக்குக் குறைந்ததால் குமட்டல். சிறுநீரகத்துக்குக் குறைந்ததால் சிறுநீர் குறைகிறது. வழக்கமாக இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது, அங்கே வெட்டினால் மிச்சம் அதிகம். பெரியவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே சிறுநீர் இறங்கினால் டாக்டர்கள் கவலைப்படுவதற்குக் காரணம் இதுதான். படுக்கையோரம் தொங்கும் அந்தப் பையை நர்ஸ் மணிக்கொரு தரம் குனிந்து பார்ப்பது சடங்குக்காக இல்லை.

தாகமும் இதில் சேர்ந்தது. சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும் ரெனின் என்ற பொருளை வெளியிடும். அதிலிருந்து தொடங்கும் சங்கிலி, குழாய்களை இன்னும் சுருக்கி, உப்பையும் தண்ணீரையும் உடம்பிலேயே தக்கவைத்து, மூளையில் தாகத்தைக் கிளப்பும். அடிபட்டவர் "தண்ணி, தண்ணி" என்று கேட்பது வெயிலால் மட்டும் இல்லை.

அப்புறம், அமைதியின்மை. கையை உதறுவார், படுக்க மாட்டார், பிடிக்க வந்தவரைத் திட்டுவார். சுற்றி நிற்பவர்கள் உடனே "குடிச்சிருக்கான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். குடித்தும் இருக்கலாம். ஆனால் மூளைக்கு ரத்தம் தட்டுப்படும்போதும் ஆள் இப்படித்தான் இருப்பார். அவர் திடீரென்று அடங்கிப் போனால் நிம்மதி அடைய வேண்டாம், அது இன்னும் மோசமான அறிகுறி.

சுருக்கினால்: உடம்பு அழுத்தத்தைக் காப்பாற்ற ரத்த ஓட்டத்தை வெட்டுகிறது. வெட்டு விழுவது தோல், குடல், சிறுநீரகத்தில். எனவே முதல் தடயங்களும் அங்கேதான்.

120-க்கு 80 ஏன் ஏமாற்றுகிறது

பிபியில் மேலே உள்ள எண் இதயம் சுருங்கித் தள்ளும்போது தமனியில் உள்ள அழுத்தம். கீழே உள்ளது இதயம் ஓய்வில் இருக்கும்போது. தள்ளும் ரத்தத்தின் அளவு, குழாய்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன, இரண்டும் சேர்ந்துதான் இந்த எண்கள். ஒன்று குறைந்து மற்றொன்று கூடினால் விடை மாறாது. ரத்தம் 20 சதவீதம் போன இளைஞனுக்கு மேல் எண் 115 இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பெரும்பாலும் 30 சதவீதத்தை நெருங்கும்போதுதான் அது உண்மையாக விழத் தொடங்கும்.

கேஸ் ஷீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும். ஒரு உதாரணம் போடுகிறேன். ஒருவருக்கு வந்தவுடன் 120/80, நாடி 84. அரை மணி கழித்து 116/88, நாடி 108. இன்னும் அரை மணி கழித்து 112/92, நாடி 124. மேல் எண்ணை மட்டும் படித்தால் 120, 116, 112. எல்லாமே நார்மல். ஆனால் கீழ் எண் ஏறிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் குழாய்கள் இறுகுகின்றன. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 40-லிருந்து 20 ஆகிவிட்டது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். நாடி ஓடுகிறது.

இதை ஒரே எண்ணாக்க ஒரு சுலபமான கணக்கு உண்டு. நாடித்துடிப்பை மேல் எண்ணால் வகுக்க வேண்டும். 1967-ல் அல்கோவர், பூரி என்ற இரு மருத்துவர்கள் சொன்னது. ஷாக் இன்டெக்ஸ் என்பார்கள். வழக்கமாக 0.5-லிருந்து 0.7 வரை இருக்கும். மேலே உள்ளவருக்குத் தொடக்கத்தில் 84-ஐ 120-ஆல் வகுத்தால் 0.7. கடைசியில் 124-ஐ 112-ஆல் வகுத்தால் 1.1. பிபி நார்மல் என்று சொல்லப்பட்ட அதே ஆள். பிரசவித்த பெண்ணுக்கு 0.9-ஐத் தொட்டாலே எச்சரிக்கை ஆகிறார்கள்.

அடையாளம் மாறும் ஆட்கள்

மேலே சொன்னதெல்லாம் நல்ல உடம்புக்காரரின் கதை. எல்லோரும் அப்படி நடந்துகொள்வதில்லை.

இளைஞர்களின் குழாய்கள் நன்றாக இறுகும். அதனால் வெகுநேரம் தாக்குப்பிடித்துவிட்டு ஒரேயடியாகச் சரிவார்கள். நிறைமாதக் கர்ப்பிணியின் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும். ஒரு லிட்டர் போனாலும் வெளியே தெரியாது. அதே சமயம் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. பிரசவத்துக்குப் பின் அது சரியாகச் சுருங்காவிட்டால் சில நிமிடங்களில் நிலைமை தலைகீழாகும். கூடவே ரத்தசோகையும் இருந்தால் கையிருப்பு இன்னும் குறைவு. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்!

வயதானவர் விஷயம் வேறு. பிபிக்கு மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கு வழக்கமாகவே 160, 170 இருக்கும் என்றால், 110 அவருக்கு நார்மல் இல்லை, பெரிய வீழ்ச்சி. இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நிறைய ரத்தம் போனாலும் நாடி ஓடாமலே இருக்கலாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டியூட்டி டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். சீட்டையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துப் போவது நல்லது.

ஹீமோகுளோபின் கணக்கு

ஹீமோகுளோபின் என்பது சிவப்பணுக்களுக்குள் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். லேப் ரிப்போர்ட்டில் வரும் 12 என்ற எண், 100 மில்லி ரத்தத்தில் அது எத்தனை கிராம் என்பதைச் சொல்கிறது. மொத்தம் எத்தனை லிட்டர் ரத்தம் மிச்சம் இருக்கிறது என்று அது சொல்லாது. காயத்திலிருந்து போவது முழு ரத்தம். சிவப்பணுவும் நீரும் ஒரே விகிதத்தில் போகின்றன. அளவு குறைந்தாலும் அடர்த்தி அப்போதைக்கு மாறாது. ஒரு லிட்டர் போன அடுத்த பத்தாவது நிமிடம் எடுத்தாலும் 12 காட்டலாம்.

பிறகுதான் அது இறங்கும். திசுக்களுக்கு இடையே இருக்கும் நீர், அழுத்தம் குறைந்த நுண்குழாய்களுக்குள் மெல்ல நுழைந்து ரத்தத்தின் அளவை நிரப்பப் பார்க்கும். நாம் ஏற்றும் பாட்டிலும் கலக்கும். ரத்தம் நீர்க்கும். முழு வீழ்ச்சி தெரிய பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். மறுநாள் "நேத்து 12 இருந்துச்சே, இன்னைக்கு எப்படி 8 ஆச்சு? ஆஸ்பத்திரியில என்ன பண்ணாங்க?" என்று சண்டை பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நேற்றே போனதுதான் இன்றைக்கு எண்ணில் தெரிகிறது. அல்லது இன்னும் எங்கோ கசிகிறது. எது என்று கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை.

தாக்குப்பிடிப்பு முடியும் இடம்

திசுக்களுக்குத் தேவையான ஆக்சிஜன் போய்ச் சேராத அளவுக்கு ரத்த ஓட்டம் குறைந்த நிலைக்குத்தான் மருத்துவத்தில் ஷாக் என்று பெயர். ரத்தம் இழந்ததால் வருவது அதில் ஒரு வகை.

ஷட்டர் மூடிய பகுதிகள் ஆக்சிஜன் இல்லாமலே கொஞ்ச நேரம் ஓட்டும். அப்படி ஓட்டும்போது லாக்டிக் அமிலம் சேரும். ரத்தம் அமிலத்தன்மை அடையும். வெப்பம் உண்டாவது குறையும், உடம்பு குளிரும். இந்த இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறைவது கெடும். சாதாரணமாகக் காயம் பட்டால் அந்த இடத்துக் குழாய் சுருங்கும், தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை பின்னும். குளிரிலும் அமிலத்திலும் இந்த வேலை தடுமாறும். உறையாததால் இன்னும் ரத்தம் போகும், போவதால் இன்னும் குளிரும். மருத்துவர்கள் பெரிதும் பயப்படும் சுழல் இது.

டெல்டா வயல்களில் இந்த உறைதல் வேறொரு வழியாகவும் கெடும், அதையும் சொல்லாமல் விட மனமில்லை. கண்ணாடி விரியனின் விஷம் உறைவதற்கான புரதங்களைத் தாறுமாறாகத் தூண்டிச் செலவழித்துவிடும். கடித்த இடத்தில் சின்னப் பொட்டு, ஈறில் ரத்தம். ஆஸ்பத்திரியில் சில மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது. இவ்வளவு எளிய சோதனை இன்னும் உயிர் காத்துக்கொண்டிருக்கிறது.

சிறுநீரகம், குடல் எல்லாம் நீண்ட நேரம் பட்டினி கிடந்தபின், குழாய்களே களைத்துப் போய் இறுக்கத்தை விட்டுவிடும். அந்தக் கட்டத்தில் எவ்வளவு ரத்தம் ஏற்றினாலும் அழுத்தம் நிற்காமல் போகலாம்.

இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஒருவரை ரத்தம் இழக்கவிட்டு உட்கார்ந்து குறிப்பெடுக்க முடியாது. பின் எப்படிப் படித்தார்கள்?

முதலில் விலங்குகளில். இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு குதிரையின் கால் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு உயரமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. ரத்த அழுத்தத்தை ஒருவர் நேரடியாக அளந்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை வெளியே விட்டு, ஒவ்வொரு முறையும் உயரத்தை அளந்தார். சாகும் தறுவாயில் குதிரைக்குக் குளிர்ந்த, பிசுபிசுத்த வியர்வை வந்ததையும் எழுதி வைத்தார். 1733-ல் அச்சில் வந்தது. படிக்க எனக்கு மனம் கனக்கத்தான் செய்கிறது, ஆனாலும் அந்த வியர்வைக் குறிப்பு இன்றைக்கும் அவசரப் பிரிவில் பயன்படுகிறது.

முதல் உலகப் போர் காலத்தில் இன்னொரு குழப்பம். ரத்தம் வெளியே அதிகம் தெரியாமலே சிப்பாய்கள் சரிந்து செத்தார்கள். நசுங்கிய சதையிலிருந்து ஏதோ விஷம் பரவுகிறது என்று பலர் நம்பினார்கள். 1930-ல் அமெரிக்காவின் ஆல்ஃபிரெட் பிளாலாக், நாய்களில் செய்த சோதனையில், அடிபட்ட உறுப்புக்குள்ளேயே தேங்கிப் போகும் ரத்தமும் நீரும் எவ்வளவு என்று எடைபோட்டுக் காட்டினார். அழுத்தம் விழுவதற்கு அந்த இழப்பே போதுமானது. "ரத்தமே வரல, உள்காயம்தான்" என்ற பேச்சுக்கு அப்போதே பதில் வந்துவிட்டது.

மனிதர்களில்? 1944-ல் லண்டனில் பார்க்ராஃப்ட்டும் அவருடைய குழுவினரும் தன்னார்வலர்களிடமிருந்து ரத்தம் எடுத்து, மயக்கம் வரும் தருணத்தை அளந்தார்கள். எதிர்பாராத ஒன்று தெரிந்தது. மயங்கும் அந்த நொடியில் நாடி ஓடவில்லை, மாறாக மெதுவானது. முன்கைத் தசையின் குழாய்கள் சுருங்குவதற்குப் பதில் விரிந்தன. ரத்தம் போனால் நாடி எப்போதும் எகிறும் என்று நம்பக் கூடாது என்பது அப்போதே பதிவான உண்மை.

இப்போது ரத்தமே எடுக்காமல் படிக்கிறார்கள். ஒருவரைப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே காற்றுப்புகாத பெட்டிக்குள் அடைத்து, உள்ளிருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார்கள். ரத்தம் கால்களில் போய்த் தேங்கும். இதயத்தின் பார்வையில் அது போன ரத்தம்தான். மயக்கம் வரும் அறிகுறி தெரிந்ததும் உறிஞ்சுவதை நிறுத்தினால் சில நொடிகளில் எல்லாம் திரும்பிவிடும். அமெரிக்க ராணுவ ஆய்வகங்கள் இதை நிறையச் செய்திருக்கின்றன. இரண்டு விஷயம் தெளிவானது. பிபி கடைசிவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்று, பின் செங்குத்தாக விழுகிறது. அந்த விழும் இடம் ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபடுகிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் நெடுநேரம் தாங்குவார், மற்றவர் சீக்கிரம் சரிவார். பெட்டிக்குள் வலியும் இல்லை, கிழிந்த சதையும் இல்லை என்பதால் நிஜக் காயத்தின் முழுக் கதையும் இதில் வராது.

பாட்டில் ஏற்றினால் போதாதா?

சலைன் என்பது உப்பு கலந்த நீர். அளவை நிரப்பும், அழுத்தத்தை ஏற்றும். ஆக்சிஜனைச் சுமக்காது. நிறைய ஏற்றினால் உறைவதற்கான பொருட்கள் நீர்த்துப் போகும், உடம்பும் குளிரும். இன்னொரு சிக்கல், அழுத்தம் ஏறியதும் அப்போதுதான் ஒட்டிக்கொண்ட உறைகட்டி பிய்ந்து மறுபடி ரத்தம் பீறிடலாம். வால்டர் கேனன் 1918-லேயே இதை எச்சரித்தார். 1994-ல் ஹூஸ்டனில், உடலின் நடுப்பகுதியில் கத்தி, துப்பாக்கிக் காயம் பட்டவர்களுக்கு, ஆபரேஷன் அறைக்குப் போகும்வரை பாட்டில் ஏற்றாமல் வைத்தபோது அதிகம் பேர் பிழைத்தார்கள். இதை வைத்துப் பாட்டிலே கூடாது என்று சொல்லிவிட முடியாது. தலைக்காயம் இருந்தால் கணக்கே வேறு. ஓட்டையை அடைப்பதுதான் முதல் சிகிச்சை, அதுவரை அளவோடு தாங்கிப் பிடிப்பது, போன ரத்தத்துக்கு ரத்தமே கொடுப்பது என்பதுதான் இன்றைய போக்கு.

விலை குறைந்த ஒரு மருந்தும் இருக்கிறது: டிரானெக்சாமிக் அமிலம். உருவான உறைகட்டி கரையாமல் காக்கும். 2010-ல் 20,000-க்கு மேற்பட்ட காயமடைந்தவர்களிடமும், 2017-ல் அதேபோல 20,000 தாய்மார்களிடமும் நடந்த ஆய்வுகள் அதன் பலனை உறுதி செய்தன. ஆனால் மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குப் பின் பலன் போய்விடுகிறது.

108 வரும்வரை

பீறிடும் இடத்தில் சுத்தமான துணியை வைத்துக் கையால் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்காதீர்கள். ஊறினால் மேலேயே இன்னொரு துணி. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பீறிடும் தமனியை எந்தத் தூளும் அடைக்காது, உள்ளே போனதைக் கழுவி எடுக்க ஆஸ்பத்திரியில் நேரம்தான் வீணாகும். கை காலில் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டில் இல்லாமல், அகலமான துணியால் ரத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். சணலும் மெல்லிய கயிறும் சதையை வெட்டும். குத்தி நிற்கும் கம்பியையோ கருக்கரிவாளையோ பிடுங்கக் கூடாது, அதுவே அடைப்பாக இருக்கலாம். எவ்வளவு கெஞ்சினாலும் தண்ணீரோ சோடாவோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். வேட்டியோ போர்வையோ போர்த்தி விடுங்கள்.

போலீஸ், கேஸ் என்று பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு: 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. செலவை நினைத்துத் தயங்க வேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டில் சாலை விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும்.

மறுபடி ஊறுவது

பிழைத்து வீட்டுக்கு வந்தவருக்கு ரத்தம் எப்போது பழைய அளவுக்கு வரும்? நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பிவிடும். புரதங்களைக் கல்லீரல் சில நாளில் செய்துவிடும். சிவப்பணுக்களுக்குத்தான் நேரம் பிடிக்கும். ஆக்சிஜன் குறைவதை உணர்ந்த சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனை அனுப்பி எலும்பு மஜ்ஜையைத் தட்டி எழுப்பும். சாதாரண நாளிலேயே நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்களைச் செய்யும் இடம் அது. உற்பத்தி பெருகி, எண்ணிக்கை பழையபடி ஆக வாரங்கள் ஆகும்.

அதற்கு மூலப்பொருள் இரும்புச்சத்து. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு லிட்டர் போனால் 400, 500 மில்லிகிராம் போயிற்று. சாப்பாட்டிலிருந்து நாம் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். சாப்பாட்டை மட்டும் நம்பினால் ஒரு வருஷத்தை நெருங்கிவிடும். பேரீச்சம்பழமும் பீட்ரூட் ஜூஸும் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரைக்கு அவை மாற்றில்லை. அந்த மாத்திரையைக் கும்பகோணம் டிகிரி காப்பியோடு விழுங்கவும் வேண்டாம். காப்பியும் டீயும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். ரத்த தானம் செய்தவர்கள் அடுத்த தானத்துக்கு ஆண்கள் என்றால் 90 நாள், பெண்கள் என்றால் 120 நாள் பொறுக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.